மூன்றாவது பின் எதற்கு?

குட்டி விஞ்ஞானிகளே, அயர்ன் பாக்ஸைக் கழற்றி வைத்திருக்கும்போது அதன் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று பின்கள் இருக்கும். இரண்டு ஒரே அளவு. மூன்றாவது மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். ஏன்?

சின்ன பின்களில் ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். 230 வோல்ட் மின்சாரம் பேஸ் வழியாக வந்து நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. பெட்டி சூடாக இந்த இரண்டே போதும். பெரிய பின்தான் எர்த். அதிலிருந்து போகும் பச்சை ஒயர் பெட்டியின் உலோக உடம்போடு இணைந்திருக்கும். அதற்கு அன்றாடம் வேலை இல்லை. ஆபத்து வந்தால்தான் வேலை.

உள்ளே பேஸ் ஒயரின் உறை தேய்ந்து, கம்பி உலோகத்தில் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் இல்லாவிட்டால் உலோகம் முழுவதும் 230 வோல்ட்! தொட்டவுடன் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் பாயும். எர்த் இருந்தால், அந்த மின்சாரம் பச்சை ஒயர் வழியாக மண்ணுக்குப் போகும். அளவு மிஞ்சினால் ஃபியூஸோ, எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்சோ இணைப்பைத் துண்டித்துவிடும்.

பின் நீளமாக இருப்பதால், பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் சேரும். பிடுங்கும்போது கடைசியில்தான் பிரியும். தடிமனாக இருப்பதால் பேஸ் துளைக்குள் தவறியும் நுழையாது.

"எங்கள் வீட்டில்தான் எம்.சி.பி. இருக்கிறதே, பிறகென்ன பயம்?" என்று கேட்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுவோம். ஈரக் கையோடு இருப்பவரின் உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே அல்ல, அது விழாது. ஆனால் இதயத் துடிப்பைக் குலைக்க இந்த 0.23 ஆம்பியர் தாராளமாகப் போதும். எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல.

ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. என்ற கருவி உண்டு. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடும். 0.03 ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ கசிகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

சில வீடுகளில், "கிரைண்டர் லேசா ஷாக் அடிக்குது, செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு" என்பார்கள். வேண்டவே வேண்டாம்! அந்தச் 'சுருக்' ஓர் எச்சரிக்கை. மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். எர்த் ஒயர் மண்ணில் போய்ச் சேரும் குழியில் கரியும் உப்பும் போடுவது ஈரம் தங்கவும் மின்தடை குறையவும்தான். ஈர மண்ணில்தான் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். உங்களுக்கும் ஷாக் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.