பழைய படகும் பின்பலகையும்

மாடு வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். பழைய இயந்திரப் படகு வாங்குவோரோ பெரும்பாலும் வர்ணப் பூச்சையும் இயந்திரத்தின் ஓசையையும் மாத்திரம் நோக்கித் திருப்தியடைகின்றனர். மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகே இன்று பல குடும்பங்களின் சீவனோபாயமாகும். அப்படகில் முதலிற் சோதிக்க வேண்டியவை இரண்டு: இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகை, படகைத் திருப்பும் சுக்கான் அமைப்பு.

மாணவர்கள் நெம்புகோலின் தத்துவத்தை இங்கே காணலாம். நீருக்கடியிற் சுழல்விசிறி முன்னோக்கித் தள்ளும்போது, இயந்திரத்தின் தாங்கி பலகையின் கீழ்ப்பாகத்தை முன்னே அழுத்துகின்றது. மேல்விளிம்பைப் பின்னே இழுக்கின்றது. படகை ஓட்டும் விசை முழுவதும் இப்பலகை வழியாகவே செல்கின்றது.

பல படகுகளில் இப்பலகையின் உள்ளீடு ஒட்டுப்பலகையாகும். அதன்மேற் கண்ணாடியிழை போர்த்தப்பட்டிருக்கும். மரையாணித் துளைகளின் வழியே நீர் புகுந்தால், வெளியே பளபளப்பிருக்க உள்ளே மரம் உளுத்துவிடும். ஆகவே சிறு சுத்தியலாற் பலகையெங்கும் மெல்லத் தட்டுக. கணீரென ஒலித்தால் நன்று; மந்தமாக ஒலிக்கும் இடம் ஐயத்துக்குரியது. பின்னர் இயந்திரத்தைச் சற்றே உயர்த்தி, அதன் கீழ்முனையைப் பற்றி மேலுங்கீழும் அசைக்க வேண்டும். மற்றொருவர் பலகையைக் கவனிக்க வேண்டும். பலகை வளைந்தாலோ, மரையாணிகளைச் சுற்றி வெடிப்புத் தோன்றினாலோ, நீர் கசிந்தாலோ விலை பேசுவதை நிறுத்துக.

பலகையின் உயரம் இயந்திரத் தண்டின் நீளத்துக்கு இசைய வேண்டும். 15 அங்குலமும் 20 அங்குலமும் வழக்கிலுள்ள அளவுகள். சுழல்விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துடன் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்றல் முறை. மிக உயர்ந்திருந்தால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். மிகத் தாழ்ந்திருந்தால் வேகம் குன்றும்.

சிறு படகுகளைக் கைபிடியாற் திருப்புவர். சிலவற்றிற் சக்கரமும் கம்பிவடமும் உண்டு. எதுவாயினும் இருபுறமும் முற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது எரிபொருட் குழாய் நசுங்கலாகாது. சக்கரம் இறுகினால், வடத்தை இயந்திரத்திலிருந்து கழற்றி இயந்திரத்தைக் கையாற் திருப்புக. இலகுவாகத் திரும்பின் குறை வடத்திலோ சக்கரத்திலோ உள்ளது. உப்பும் உலர்ந்த கிறீஸும் வடத்தை இறுக்கும். அப்போதும் இறுகின் குறை இயந்திரத்தின் திருகுமூட்டிலாம். சக்கரம் அசைந்தும் இயந்திரம் அசையாதிருப்பின் இணைப்புகள் தேய்ந்துள்ளன.

இச்சோதனைகளுக்கு இருவரும் அரைமணி நேரமும் போதும். உளுத்த பலகையை மாற்றுதல் செலவுமிக்க வேலை. எனினும் கரையிற் செய்யும் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைக்கலாம். நடுக்கடலில் இயந்திரம் கழன்றால், கணக்கிட வேண்டியது படகிலுள்ளோரின் உயிரையே.