திரையும் பலகையும்

தமிழ்நாட்டிற்கு வெளியே பெங்களூரு, மும்பை, தில்லி முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழிப் பலகையோ பித்தளைத் தாயக்கட்டையோ இன்றும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அதே வீட்டின் மேசைமீது கணினியும் இருக்கும். ஒன்று பாட்டியின் பொருள். மற்றொன்று பெற்றோரின் பிழைப்பு. இவ்விரண்டையும் ஒரே தொழிலாக இணைத்துக்கொண்டு வாழ்பவரும் உளர். பிறருக்கு இணையத்தளங்கள் அமைத்துக் கொடுத்துக்கொண்டே, புதிய பலகை விளையாட்டுகளையும் உருவாக்கும் சிறு வடிவமைப்பகங்களே அவை.

இத்தகைய வடிவமைப்பகத்திற்குப் பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. வாடகைக்கு எடுத்த ஓர் அறை, இரண்டு கணினிகள், ஓர் அச்சுப்பொறி, அட்டை வெட்டும் கத்தி, நிறைய வெள்ளைத்தாள் ஆகியவை போதும். இருவர் அல்லது மூவர் பணிபுரிவர். ஒருவர் வரைவார்; மற்றவர் கணினி நிரல் எழுதுவார். கணக்கு எழுதுவதும், தொலைபேசியில் பேசுவதும், அறையைப் பெருக்குவதும் முறைவைத்து நடைபெறும்.

இணையத்தளத்திற்கும் பலகை விளையாட்டிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டையும் செய்தவர், அவற்றைப் பயன்படுத்துபவரின் அருகில் இருப்பதில்லை. இணையத்தளத்தைத் திறப்பவர் அடுத்து எங்கே தொட வேண்டும் என்பதையும், விளையாட்டுப் பெட்டியைத் திறப்பவர் அடுத்து எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்பதையும் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லை. படமும் எழுத்தும் வண்ணமுமே சொல்லித்தர வேண்டும். ஆதலால் ஒன்றில் கற்ற பாடம் மற்றொன்றில் உதவுகிறது.

முதலில் இணையத்தளப் பணியைக் காண்போம். உலகின் முதல் இணையத்தளத்தை 1991 ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ் லீ, சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது வெளியிட்டார். அதில் படங்கள் இல்லை. எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. இன்றோ தெருமுனை இனிப்புக் கடைக்கும் ஓர் இணையத்தளம் வேண்டியிருக்கிறது. கடைக்காரர் வடிவமைப்பகத்தை நாடி வருகிறார். முகப்பில் தம் தந்தையின் பெரிய படம் வேண்டும், பின்னணியில் இசை வேண்டும் என்கிறார். தளத்தைப் பார்க்க வருபவர்க்கு வேண்டியவையோ வேறு: கடை எப்போது திறக்கும், பெட்டி என்ன விலை, எந்த எண்ணில் அழைப்பது? கடைக்காரரின் மனம் நோகாமல் இதை அவருக்கு உணர்த்துவதே வடிவமைப்பாளரின் முதல் வேலை. வரைவது அதற்குப் பின்னர்தான்.

உடன்பாடு ஏற்பட்டபின், பக்கங்களின் அமைப்பு வெறும் கட்டங்களாகத் தாளில் வரையப்படும். தளத்திற்கு ஒரு பெயர் பதிவு செய்யப்படும். கோப்புகளை வைக்க வழங்கி ஒன்றில் இடம் வாடகைக்குப் பெறப்படும். பெயரையும் இடத்தையும் உரிய காலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் தளம் ஒருநாள் காணாமற்போகும். எல்லாம் முடிந்தபின், கைப்பேசியின் சிறு திரையிலும் அது சரியாகத் தெரிகிறதா என்று சோதிக்கப்படும். பார்வையற்றோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் உதவியால் தளத்தைக் கேட்டறிவர். அவர்களுக்காக ஒவ்வொரு படத்தின் அடியிலும் மறைவாக ஒரு விளக்கம் எழுதப்படும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது.

தமிழில் தளம் அமைப்பதில் தனிச் சிக்கல்களும் உண்டு. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் சொல், தமிழில் பத்தெழுத்தாக நீளும், பொத்தானுக்குள் அடங்காது. எழுத்துகளைக் கணினி எண்களாகவே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொது எண் வழங்கும் யூனிகோடு என்னும் முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 247 எழுத்துகள் அதில் எப்படி அடங்கும்? உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், துணைக்குறிகளுக்கும் மட்டுமே தனித்தனி எண் உண்டு. மற்றவை சேர்க்கையால் பிறக்கின்றன. இச்சேர்க்கையை அறியாத பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் சிதறிக் கிடக்கும். விளையாட்டுப் பெட்டியை அச்சிடும்போதும் இதே தொல்லை வரும்.

இணையத்தளப் பணியில் கூலி உறுதியானது. ஆனால் கைக்கு வந்து சேர்வது எளிதன்று. “ஒரு சின்ன மாற்றம்தான்” என்று தொடங்கும் வாடிக்கையாளர், இருபதாவது மாற்றத்தையும் அதே சொற்களால்தான் கேட்பார். ஆகவே, வேலை தொடங்கும் முன்பே ஒரு பகுதிப் பணத்தை முன்பணமாகப் பெறுவதும், எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் வழக்கமாயின. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம், 2006 இன்படி, சிறுதொழில் செய்வோர்க்குச் சேர வேண்டிய தொகையை 45 நாள்களுக்குமேல் நிறுத்திவைத்தல் ஆகாது. மீறினால் வட்டி தர வேண்டும். ஆயினும், அடுத்த வேலையும் அதே நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும் என்னும் நிலையில், சட்டத்தை எடுத்துக்காட்டத் துணிபவர் குறைவு. இரண்டு தொகைகள் ஒரே மாதத்தில் தாமதமானால் வாடகை தடுமாறும். முதலில் நிற்பது விளையாட்டுப் பணிதான்.

அந்த விளையாட்டுப் பணி பெரும்பாலும் பழைய விளையாட்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குவதிலிருந்து தொடங்கும். தாயத்தையே எடுத்துக்கொள்க. இரு கட்டைகள்; ஒவ்வொன்றிலும் நான்கு நீண்ட பக்கங்கள். அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தத்தில் ஒரு புள்ளி மட்டும் விழுந்தால் அதுவே தாயம். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்திற்குள் இறங்கும்.

இனிக் கணக்குப் பார்க்கலாம். இரு கட்டைகள் விழக்கூடிய வகைகள் நான்கு பெருக்கல் நான்கு, அதாவது 16. பக்கங்கள் எல்லாம் சமமாக விழும் எனக் கொண்டால், தாயம் இரு வகைகளில் மட்டுமே விழும்: முதற்கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும், அல்லது அதன் மறுதலை. எனவே எட்டில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. ஒருவர் எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமலே இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 34. மூவர் ஆடினால், அவர்களில் ஒருவர் எட்டு முறை உருட்டிய பின்னும் வெளியிலேயே காத்திருப்பார் என்று எதிர்பார்க்கலாம். திண்ணையில் பேசிக்கொண்டே ஆடிய காலத்தில் இக்காத்திருப்பு ஒரு குறையாகத் தோன்றியிராது. தாயம் விழாதவரைக் கேலி செய்வதே ஆட்டத்தின் பாதிச் சுவை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரைமணி நேரம் மட்டுமே ஓய்வுள்ள நகர்ப்புறக் குடும்பத்தில், அதே காத்திருப்பு ஒரு சிறுவனை எழுந்து போகச் செய்துவிடும்.

வடிவமைப்பாளர் இங்கு என்ன செய்யலாம்? ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று ஒரு விதியைச் சேர்த்துப் பார்க்கிறார். ஐந்தும் இரு வகைகளில் விழும். ஆகவே வாய்ப்பு எட்டில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்கிறது. எட்டு முறை உருட்டியும் இறங்காதிருக்கும் வாய்ப்போ 34 இலிருந்து 10 ஆகச் சரிகிறது. ஆட்டம் விரைவாகிறது. ஆனால், நெடுநேரம் காத்திருந்தபின் தாயம் விழும்போது எழும் ஆரவாரம் குறைந்துவிடுகிறது. இரண்டில் எது வேண்டும் என்று கணக்கு சொல்லாது. ஆடிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விளையாட்டுகளை இவ்வாறு மாற்றிப் பார்த்தவர் பலர். 1868 வரை வாழ்ந்த மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பலகை விளையாட்டுகளில் பேரார்வம் கொண்டு, தாமே புதியவற்றை உருவாக்கினார். நம் பரமபதம் ஆங்கிலேயர் வழியாக இங்கிலாந்து சென்று, அங்கே வேறு படங்களுடன் பாம்பும் ஏணியும் ஆயிற்று. ஜெர்மனியின் கிளாவுஸ் டாய்பர் பல் கட்டும் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். மாலை வேளைகளில் தம் குடும்பத்தாருடன் ஆடிப் பார்த்தே விளையாட்டுகளை வடிவமைத்தார். 1995 இல் வெளிவந்த அவருடைய கட்டான் உலகெங்கும் பரவியது. அதன் பின்னும் சில ஆண்டுகள் அவர் தம் பழைய தொழிலை விடவில்லை.

ஆடிப் பார்த்தல் என்பது நண்பர்களோடு ஆடுவது மட்டுமன்று. அறிமுகமில்லாத ஒரு குடும்பத்திடம் பெட்டியையும் விதித்தாளையும் கொடுத்துவிட்டு, வடிவமைப்பாளர் வாய்மூடி ஓரமாக அமர்ந்திருக்க வேண்டும். இது மிகவும் கடினம். அவர்கள் விதியைத் தவறாகப் புரிந்துகொள்ளும்போது திருத்த நா துடிக்கும். திருத்தினால் சோதனை கெட்டுவிடும். எந்த இடத்தில் அவர்கள் தாளைத் திரும்ப எடுத்துப் படிக்கிறார்கள், எப்போது கொட்டாவி விடுகிறார்கள் என்பனவெல்லாம் குறிப்பேட்டில் பதிவாகும். “அடுத்தவர் ஆடுக” என்று எழுதியிருந்தால், வலப்புறத்தவரா இடப்புறத்தவரா என்னும் கேள்வி எழும். பல்லாங்குழி போன்ற விளையாட்டில் சிக்கல் இன்னும் பெரிது. ஏழு குழிகள் கொண்ட இரு வரிசைகள் என்பது பொது. ஆனால் குழிக்கு எத்தனை காய் இடுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். தம் ஊர் வழக்கமே சரி என்று ஒவ்வொருவரும் சாதிப்பர். அச்சிடுபவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மற்றவற்றை மாற்று விதிகளாகக் கடைசிப் பக்கத்தில் தருவது நல்லிணக்கம்.

அடுத்தது அச்சு. திரையில் ஒளியால் தோன்றும் பச்சை, அட்டையில் மையால் அச்சாகும்போது மங்கிவிடும். அதனால் மாதிரி அச்சைக் கண்ணால் காணாமல் ஒப்புதல் தருவதில்லை. பெட்டிகளும் சீட்டுகளும் சிவகாசி போன்ற அச்சு நகரங்களில் ஆயத்தமாகும். மரக்காய்கள் வேண்டுமெனில், பெங்களூரிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் உள்ள சென்னபட்டணத்தின் கடைசல் பட்டறைகளை நாடலாம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றுவர். பதினான்கு வயதிற்குட்பட்ட சிறுவர்க்கான விளையாட்டுப் பொருள்கள் 2021 சனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற வேண்டும் என்பது அரசாணை. பதிவுபெற்ற கைவினைஞர்க்கு அதில் விலக்கு உண்டு, வடிவமைப்பகத்திற்கு இல்லை. சோதனைச் செலவும் கணக்கில் சேரும்.

அக்கணக்கு எப்படிச் செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெட்டி செய்ய 350 ரூபாய் ஆகிறது என்று கொள்க. குறைந்தது 500 பெட்டிகள் அச்சிட்டால்தான் அச்சகத்தார் இவ்விலைக்கு இசைவர். எனவே 1,75,000 ரூபாயை முதலிலேயே செலுத்த வேண்டும். பெட்டியின் விலை 900 ரூபாய்; கடைக்காரரின் பங்கு 360 போக, வடிவமைப்பகத்திற்கு வருவது 540. போட்ட பணம் மீள்வதற்கே 325 பெட்டிகள் விற்றாக வேண்டும். இருவருடைய ஓராண்டு உழைப்பு இதில் சேரவில்லை. அந்த 1,75,000 ரூபாய் எங்கிருந்து வரும்? இனிப்புக் கடை, பல் மருத்துவமனை, நடனப் பள்ளி ஆகியவற்றின் இணையத்தளங்களிலிருந்துதான்.

இணையத்தளத்தில் பிழை நேர்ந்தால் ஐந்து நிமிடங்களில் திருத்திவிடலாம், யாரும் அறியார். அச்சிட்ட 500 விதித்தாள்களில் ஒரு சொல் பிழையானால், 500 வீடுகளுக்கும் அப்பிழை செல்லும். மறு அச்சுக்குப் பணம் இராது. இந்த அச்சத்தால்தான் பெட்டியின் உட்புறத்தில் ஒரு சிறு கியூ.ஆர். குறியை அச்சிடுகிறார்கள். கைப்பேசியால் அதைப் படம் பிடித்தால் வடிவமைப்பகத்தின் சொந்த இணையத்தளம் திறக்கும். திருத்திய விதிகளும், வாங்கியவர்கள் எழுதி அனுப்பிய ஐயங்களும், அவற்றிற்கான விடைகளும் அங்கே இருக்கும். குழிக்கு ஆறு காய் இடுவதே தம் ஊர் வழக்கம் என்று எவரேனும் எழுதினால், மறுநாளே அதுவும் மாற்று விதிகளில் ஒன்றாகத் திரையில் சேர்ந்துவிடும்.