ரண சிகிச்சையும் பௌதிக சாஸ்திரமும்

விலையுயர்ந்த யந்திரங்களின்றி ரண சிகிச்சை நடவாதென்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. காயத்தால் மார்புக்கூட்டில் புகுந்து நுரையீரலை அமுக்கும் காற்றை வெளியேற்ற, ஒரு குழாயும் நீருள்ள புட்டியும் போதும். 1891-ல் ஹாம்பர்க் வைத்தியர் ப்யூலோ வெளியிட்ட இம்முறை இன்றும் வழங்குகிறது. குழாயின் நுனி நீருக்குள் சுமார் 2 சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கும். மூச்சு விடுகையில் காற்று குமிழியிட்டு வெளியேறும். மூச்சை இழுக்கையில் நீர் குழாயில் சற்றே ஏறி வெளிக்காற்றைத் தடுக்கும். ஆயின் புட்டி எப்பொழுதும் மார்புக்குக் கீழேயே இருத்தல் அவசியம். நோயாளியை இடம் மாற்றும் சிப்பந்தி அறியாமல் அதை உயரத் தூக்குவானாயின், நீர் மார்புக்குள் பாய்ந்து உயிருக்கே அபாயம் விளையும்.

நீர் பள்ளம் நாடும் என்பது உழவனும் அறிந்த நியாயம். யந்திரம் வாங்கப் பொருள் ஒதுக்கும் சர்க்கார், கடைசிச் சிப்பந்திக்கும் அந்நியாயத்தைத் தாய்மொழியில் போதிக்கக் கடமைப்பட்டதன்றோ?