கொல்லைக் குளத்து மீனும் கொக்கின் பசியும்

வைப்புத்தொகைக்கு ரசீது உண்டு. நகைக்கு எடை உண்டு. கடைச்சரக்குக்கு இருப்புப் பதிவேடு உண்டு. மீன் வளர்ப்பில் போட்ட முதலுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. நீருக்குள் விட்ட குஞ்சுகளில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பது பெரும்பாலும் அறுவடை நாளன்றுதான் தெரியவருகிறது. அன்று வலையில் பாதிதான் ஏறினால், எஞ்சிய பாதி எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது? பல வீடுகளில் அதற்கான விடை, குளக்கரையில் நாள்தோறும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்திருக்கும்.

அந்தமான் தீவுகளில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில், மரைன் ஹில் போன்ற மேட்டுப்பகுதிகளில் வாழ்வோருக்கு இடம் குறைவு, மழையோ மிகுதி. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, மே முதல் டிசம்பர் வரை பொழிகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சிக்காக நீரைத் தேக்கிவைப்பது இங்கு வாழ்வின் தேவை. தேக்கிய நீரில் நாலு மீன் வளர்த்தால் வீட்டுக்கும் ஆகும், விற்பனைக்கும் ஆகும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. கொல்லைக் குளமோ, சிமெண்டுத் தொட்டியோ, தார்ப்பாய் விரித்த பள்ளமோ எதுவாயினும், அதைப் பறவைகளிடமிருந்து காக்கும் வழிகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

வருவது யார்?

காவலுக்கு முன் எதிராளியை அறிவது நன்று. மீனுண்ணும் பறவைகளை அவை வேட்டையாடும் முறையைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கரையோரம் நின்று குத்திப் பிடிப்பவை. மடையான், சின்னக்கொக்கு, தோசிக்கொக்கு முதலியவை இவ்வகையின. இவற்றுக்கு நீந்தத் தேவையில்லை. காலூன்றி நிற்க ஆழமற்ற விளிம்பு வேண்டும், அவ்வளவே. கொக்கின் பொறுமையைத் திருக்குறளும் மூதுரையும் உவமையாக எடுத்தாண்டது வீணன்று: அசையாமல் நிற்பதே அதன் படைக்கலம்.

இரண்டாம் வகை, மேலிருந்து பாய்பவை. மீன்கொத்திகள் கிளையிலோ, மின்கம்பியிலோ, துணிக்கொடியிலோ அமர்ந்து நீரை நோக்கியிருந்து, விரல்நீள மீன் மேலே வந்ததும் பாய்கின்றன. கரையின் அமைப்பு இவற்றைத் தடுக்காது. அமரும் இடம் இல்லாமற் செய்வதே தடுக்கும். தமிழ்நாட்டு ஏரிகளில் பெருந்தொல்லை தரும் நீர்க்காகமோ மூழ்கி நீந்தித் துரத்தும் இனம். தாய்நிலத்தில் குளம் வைத்திருப்போர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் கரையில் காணும் பறவையெல்லாம் கள்வன் அன்று. உண்ணிக்கொக்கு பெரும்பாலும் பூச்சிகளையே தின்கிறது. வெண்மார்பு மீன்கொத்தியின் உணவில் பூச்சி, நண்டு, பல்லி ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. மடையான் தின்னும் நீர்வண்டுகளும் தும்பியின் இளம்புழுக்களும், நாம் விடும் நுண்குஞ்சுகளைத் தின்று வளர்பவை. ஆகவே பறவையின் வருகை முழுவதும் செலவுக் கணக்கில் எழுத வேண்டியதன்று. சிறிதளவு வரவும் அதில் உண்டு.

குற்றம் சுமத்துமுன் பிற வழிகளையும் ஆராய வேண்டும். இத்தீவுகளின் பெருமழையில் குளம் வழிந்தோடும்போது ஒரே இரவில் வெளியேறும் மீன்கள், ஒரு மாதம் கொக்கு தின்பதைவிட அதிகமாக இருக்கக்கூடும். வழிந்தோடும் வாயிலில் நுண்கண் வலைத்தடுப்பு வைத்திருக்கிறோமா என்பதே முதற்கேள்வி. தண்ணீர்ப் பாம்பும் நீர் உடும்பும் மீனுண்பவையே. கரைச்சேற்றில் மூவிரல் முன்னும் ஒருவிரல் பின்னுமான காலடிகள், வெள்ளை எச்சம், உடலில் குத்துக்காயத்துடன் மிதக்கும் மீன் ஆகியவை கொக்கின் அடையாளங்கள்.

இழப்பின் கணக்கு

இரண்டு சென்ட் பரப்புள்ள ஒரு குளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 80 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒன்றாக கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 80 விரலளவுக் குஞ்சுகள் விடுகிறோம். இயற்கையாக 10 இறந்தாலும் 70 எஞ்சும். ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வளர்ந்தால் விளைச்சல் 52.5 கிலோ.

இப்போது, இரண்டு நாளுக்கு ஒரு குஞ்சு மட்டும் பறவைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இது பொருட்டாகவே தோன்றாது. ஆனால் முதல் 60 நாள்களில் 30 குஞ்சுகள் போய்விடும். எஞ்சும் 40 மீன்களின் விளைச்சல் 30 கிலோ. இடநெருக்கடி குறைவதால் எஞ்சியவை சற்றுப் பெரிதாக வளரலாம். ஆயினும் ஐந்தில் இரண்டு பங்கு விளைச்சல் இழப்பு என்பதில் பெரிய மாற்றம் இராது.

இதனினும் நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. தீவனத்தை மீன்களின் எண்ணிக்கையையும் எடையையும் கொண்டே அளந்து போடுகிறோம். குளத்தில் 40 மீன்கள் இருக்க, 70 மீன்களுக்கான தீவனம் போட்டால், தின்னாத தீவனம் அடியில் அழுகும். அழுகல் நீரின் ஆக்ஸிஜனை உறிஞ்சும். விடியற்காலையில் மீன்கள் மூச்சுக்காக மேலே வந்து வாய் திறக்கும். அந்நேரமே கொக்கும் வரும் நேரம். ஆக, ஓர் இழப்பு அடுத்த இழப்புக்கு வழி திறக்கிறது. கடனில் கூட்டுவட்டி ஏறுவதைப் போன்றதே இது. விடியலில் பறவைகள் திடீரெனக் கூடினால், அவற்றை விரட்டுவதோடு நில்லாமல் நீரின் நிலையையும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை வலையிட்டு மாதிரி பிடித்து, எண்ணிக்கையையும் எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது இச்சுழலை அறுக்கும் எளிய வழி.

அமைப்பே முதற்காவல்

செலவின்றிச் செய்யத்தக்கவை குளம் வெட்டும்போதே செய்யப்பட வேண்டும். விளிம்பு சாய்வாக இறங்கினால் அது கொக்குக்குப் படித்துறை. கரை செங்குத்தாக இறங்கி, நீர் ஒன்றரை மீட்டர் ஆழமேனும் இருந்தால் கொக்கு நிற்க இடமில்லை. ஆனால் அத்தகைய குளம் குழந்தைகளுக்கு ஆபத்தானது. ஆளுயர வேலியும் பூட்டிய கதவும் இல்லாமல் அதை அமைக்கலாகாது.

வறட்சி மாதங்களில் வீட்டுத் தேவைக்கு நீர் எடுக்க எடுக்க மட்டம் தாழ்கிறது. மீன்கள் குறுகிய இடத்தில் நெருங்குகின்றன. குளிர்காலத்தில் வலசை வந்த நீர்ப்பறவைகள் தீவுகளில் தங்கியிருக்கும் காலமும் இதனோடு பொருந்துகிறது. எனவே ஆழம் குறையுமுன் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுவது, ஜனவரிக்குப் பின் காவல் வேலையைப் பாதியாக்கும்.

மீனுக்குப் பதுங்கிடமும் தேவை. உடைந்த மண்குழாய், பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, மூங்கில் கட்டு ஆகியவற்றை ஆழமான பகுதியில் இடலாம். அறுவடையின்போது எடுத்துவிடத்தக்க வகையில் கயிறு கட்டியிருப்பது நல்லது. நீர்ப்பரப்பில் நான்கில் ஒரு பங்கு மிதக்கும் செடிகள் நிழலும் மறைவும் தரும். அதற்கு மேல் பரவவிட்டால் இரவில் ஆக்ஸிஜன் குறையும். அழகுக்காகத் தங்கமீனும் கோய் கெண்டையும் வளர்ப்போர், அவற்றின் நிறமே பறவைக்கு விளம்பரப் பலகை என்பதை நினைவிற்கொள்க.

எல்லாவற்றினும் பயன்மிக்கது, குஞ்சுகளைப் பருவம் வரும்வரை தனியே வளர்ப்பது. ஹாப்பா எனப்படும் நுண்கண் வலைத்தொட்டியைக் குளத்தின் ஒரு மூலையில் நான்கு கழிகளில் கட்டி, மேலே மூடியும் போட்டுவிட்டால், குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வளரும்வரை பாதுகாப்பாக இருக்கும். அதன்பின் மீன்கொத்திக்கு அவை பெரிய இரை. முழுக்குளத்தையும் மூடும் செலவில் சிறு பகுதியே இதற்கு ஆகும்.

வலையும் கயிறும்

சிறு தொட்டிகளுக்கு மேல்வலையே உறுதியான காப்பு. ஆனால் தவறாகக் கட்டிய வலை இரட்டைத் தீங்கு: மீனும் காக்கப்படாது, பறவையும் சிக்கிச் சாகும். கவனிக்க வேண்டியவை இவை:

• முறுக்கு நூலால் பின்னிய, கண்ணுக்குத் தெரியும் நிறமுள்ள வலையைத் தேர்க. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஒற்றை இழை நைலான் வலை பறவை, பாம்பு, வௌவால் அனைத்துக்கும் பொறி.

• மீன்கொத்தியைத் தடுக்க வலைக்கண் இரண்டரை சென்டிமீட்டருக்கு மிகாதிருக்க வேண்டும்.

• வலை தொய்வின்றி இறுக்கமாக இருப்பதுடன், நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது ஓர் அடி உயரத்தில் நிற்க வேண்டும். நீரைத் தொடும் வலைமேல் நின்றே கொக்கு குத்திவிடும்.

• பெருமழையும் காற்றும் சருகும் வலையை நடுவில் அழுத்தும். நடுவே தாங்குகழி வைக்க வேண்டும். கடற்காற்றில் இரும்புக்கம்பி விரைவில் துருப்பிடிக்கும். மூங்கிலும் நைலான் கயிறும் ஏற்றவை.

• நாள்தோறும் ஒருமுறை வலையைச் சுற்றிப் பார்த்து, எதுவும் சிக்கியிருந்தால் உடனே விடுவிக்க வேண்டும்.

பெரிய குளத்தை முழுதும் மூடுவது இயலாது. அங்குக் கரையைச் சுற்றி, தரையிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர், 35 சென்டிமீட்டர் உயரங்களில் இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டினால், கரையில் இறங்கி நீருக்குள் நடக்கும் கொக்கு தடைபடும். குறுகலான குளமாயின் குறுக்கே ஓர் அடி இடைவெளியில் கயிறுகள் கட்டலாம். குளத்துக்கு மேல் நீளும் கிளைகளையும் தேவையற்ற கழிகளையும் அகற்றுவது மீன்கொத்திக்கான மறுப்பு.

மினுங்கும் நாடா, பழைய குறுந்தகடு, சோளக்கொல்லைப் பொம்மை ஆகியவற்றை மட்டும் நம்புவது, கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்க முயல்வதைப் போன்றது. சில நாள்களில் பறவை பழகிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால், குஞ்சு விட்ட தொடக்க வாரங்களில் துணையாக உதவும்.

சட்டம் சொல்வது

விஷம் வைத்தல், கண்ணி வைத்தல், கவண் அடித்தல், கூட்டைக் கலைத்தல் ஆகிய எதுவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று; விஷமிடல், பொறிவைத்தல், காயப்படுத்தல், முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்தல் அனைத்தும் அதில் அடங்கும். தண்டனை சிறையாகவும் அபராதமாகவும் அமையலாம். சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும், விஷம் அதே நீரில்தான் கலக்கும். அந்த நீரும் அந்த மீனும் நம் வீட்டுக்கே வரும். அந்தமான் தீவுக்கூட்டத்துக்கே உரிய காட்டு வாத்தினம் ஒன்று நன்னீர்க் குளங்களை நாடி வருகிறது; கொக்குக்கு வைத்த பொறி அதையும் கொல்லும்.

பறவையும் விளைச்சலும் பகையல்ல என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் சான்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவ்வூர் மக்கள், பறவைகளைச் சுடுவதை எதிர்த்து 1798-இல் ஆங்கிலேய ஆட்சியிடமிருந்து பாதுகாப்பு உரிமை பெற்றனர். நம் குளத்துக்கு வேண்டியதும் பறவையின் அழிவன்று. நம் மீனுக்கும் அதற்கும் இடையே ஒரு வலையின் தூரம்.

வங்கி தரும் துணை

2018-19 நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பைத் தொடர்ந்து, உழவர் கடன் அட்டை வசதி மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. குஞ்சு, தீவனம், உரம், சுண்ணாம்பு, மின்சாரம், கூலி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு இதன்வழிக் கடன் பெறலாம். குளமோ தொட்டியோ சொந்தமாகவோ குத்தகையாகவோ இருத்தல் வேண்டும். தனிநபர்களுடன் சுயஉதவிக் குழுக்களும் விண்ணப்பிக்கலாம். வேளாண்மைக்கும் அதன் சார்புத் தொழில்களுக்கும் ரூ.2 லட்சம் வரை பிணையமின்றிக் கடன் வழங்கும் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வலை, கழி, வேலி ஆகியவை ஓரிரு ஆண்டுகள் நிலைக்கும் மூலதனச் செலவுகள். அவற்றை நடைமுறைக் கடனில் அடக்க எண்ணாமல், தொடக்கத்திலேயே திட்ட மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டித் தவணைக் கடன் கேட்பது முறை. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிகளுக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியமாக வகுக்கப்பட்டது. உங்கள் திட்டம் அதில் அடங்குமா, தற்போது விண்ணப்பம் ஏற்கப்படுகிறதா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்தபின் வங்கிக்கு வருவது நேரத்தை மிச்சப்படுத்தும். குளம் அமைப்பு, குஞ்சுத் தேர்வு பற்றிய தொழில்நுட்ப ஆலோசனைக்கு, 1978-இல் இத்தீவுகளுக்கென நிறுவப்பட்ட மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை நாடலாம்.

காப்பீடு எடுப்போர், பறவையால் நேரும் இழப்பு அதில் அடங்குமா, விலக்கப்பட்டதா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றாகக் குறையும் இழப்பை மெய்ப்பிப்பது எளிதன்று. குஞ்சு வாங்கிய ரசீதும், மாதந்தோறும் எழுதிய எண்ணிக்கைக் குறிப்பேடும் அப்போது உங்கள் பக்கம் பேசும் சாட்சிகள்.

கடன் விண்ணப்பத்துடன் குளத்தின் நீள அகல ஆழம், விடவிருக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கை, காவலுக்கான ஏற்பாடு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். குஞ்சு விடுமுன்பே காவலை எண்ணிப் பார்த்த வாடிக்கையாளரின் மதிப்பீட்டை நாங்கள் கூடுதல் நம்பிக்கையுடன் பரிசீலிக்க முடியும். கொக்கு நாளையும் வரும். அது வருமுன் வலை கட்டப்பட்டிருக்கட்டும்.