உருகிய பாறையைத் தொட்ட கிணறு

2009ஆம் ஆண்டு, ஐஸ்லாந்தின் கிராப்லா எரிமலைப் பகுதியில் 4.5 கிலோமீற்றர் ஆழத்துக்கென ஒரு கிணறு துளைத்துக்கொண்டிருந்தார்கள். 2.1 கிலோமீற்றரிலேயே துளைகருவி இறுகிக்கொண்டது. மேலே வந்தவை கண்ணாடித் துண்டுகள். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் உருகிக் கிடந்த பாறை, துளைக்கும்போது செலுத்திய குளிர்நீர் பட்டு அப்படி உறைந்திருந்தது.

கிணற்றை அவர்கள் மூடிவிடவில்லை. பரிசோதனையாகத் திறந்தபோது வாய்ப்பகுதியிலேயே நீராவி 450 பாகையை எட்டியது. அதிலிருந்து 36 மெகாவாற் மின்சாரம் எடுக்கலாம் என மதிப்பிட்டார்கள். பல கிணறுகளை நம்பியிருக்கும் கிராப்லா மின்நிலையத்தின் மொத்தக் கொள்ளளவே 60 மெகாவாற்தான். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, இந்தக் கணக்கை வாசித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் அந்தக் கிணறு மின்நிலையத்தோடு இணைக்கப்படவே இல்லை. சிக்கல் குழாயில். நம் ஊரில் குழாய்க் கிணறு அடிப்பவர்கள் குழாயை இறக்கியதும் நிம்மதியடைவார்கள். அங்கே கவலை அதற்குப் பிறகுதான். ஒரு கிலோமீற்றர் நீள உருக்குக் குழாய் 400 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மீற்றர் நீளப் பார்க்கும். சுற்றிவரச் சீமெந்து இறுக்கிப் பிடித்திருப்பதால் நீள இடமில்லை, உள்ளுக்குள்ளேயே நசுங்கும். பிறகு குளிர்ந்தால் சுருங்கி, பொருத்துகளில் இழுபட்டுப் பிரியும். போதாததற்கு, அந்த நீராவியில் கலந்துவரும் ஐதரோகுளோரிக் அமிலம், ஆவி நீராக மாறும் இடத்தில் உலோகத்தை அரிக்கும். 2012இல் வாயிலிருந்த வால்வு பழுதாக, குளிர்நீர் செலுத்திக் கிணற்றை அணைக்க வேண்டியதாயிற்று. அதோடு குழாயும் கெட்டது.

2017 ஜனவரியில் ரெய்க்யனஸில் முடிந்த அடுத்த கிணறு 4,659 மீற்றர் ஆழம் போனது. அடியில் 426 பாகை பதிவானது. அங்கும் குழாய் சேதமடைந்தது.

2022இல் எரிபொருளின்றி 13 மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில், "எங்களுக்குக் கன்னியா இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. கன்னியா வெந்நீரூற்றுகளின் சூடு, அள்ளிக் குளிக்கக்கூடிய அளவுதான். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் இல்லை. எரிமலை இல்லாத நிலத்தில் பொதுவாக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகைதான் வெப்பம் கூடும். அந்தக் கணக்கில் 400 பாகையைத் தொட ஏறத்தாழ 13 கிலோமீற்றர் இறங்க வேண்டும். செங்குத்தாக மனிதர் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது: 12,262 மீற்றர். அங்கே 180 பாகையிலேயே பாறை இளகி, மேலும் துளைக்க முடியாமற் போயிற்று.