மீனெண்ணெயும் சிசுவின் ஒவ்வாமையும்

அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லௌ நகரத்து மருத்துவர்களான கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் ஆகிய இருவரும், தங்கள் சொந்த சரீரத்தையே ஆராய்ச்சிக்கூடமாக்கிச் செய்த ஒரு பரிசோதனையை 1921-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சமைத்த மீனை உண்டால் உடம்பெங்கும் தடிப்புக் காணும் இயல்புடையவர் கூஸ்ட்னர்; அவருடைய இரத்தத்திலிருந்து பிரித்த ஊனீரை, மீனால் எவ்வித உபத்திரவமும் அடையாத பிராஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீனின் சாற்றைச் செலுத்தியபோது அந்த இடம் சிவந்து தடித்தது. ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோவொரு வஸ்து இரத்தத்தில் உலவுகிறது என்பது இதனால் விளங்கிற்று. அது இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்புப் புரதமே என்று துலங்குவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிய வேண்டியிருந்தது.

அன்று குற்றவாளியாய் நின்ற மீனின் எண்ணெயையே, பிறக்கப்போகும் குழந்தைக்கு உணவு ஒவ்வாமை நேராமல் காக்கும் சாதனமாக இன்றைய விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். இதில் முரண்பாடு ஏதுமில்லை. கூஸ்ட்னரைப் போன்றவர்களை வருத்துவது மீனின் தசையிலுள்ள புரதம். பார்வல்புமின் என்பது அதில் தலையாயது. ஆராய்ச்சியாளர் நாடுவதோ, மீனின் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரு அமிலங்களை. இவற்றை முதலில் உற்பத்தி செய்பவை கடலின் நுண்பாசிகள். மீன்கள் அவற்றை உணவின் வழியே பெற்றுத் தம் கொழுப்பில் சேமித்துக்கொள்கின்றன.

நம் உயிரணுக்களின் மேலுறை நாம் உண்ணும் கொழுப்பைக் கொண்டே அமைகிறது. சூரியகாந்தி, மக்காச்சோளம் முதலிய எண்ணெய்களில் மிகுந்துள்ள ஒமேகா-6 வகைக் கொழுப்பிலிருந்து சரீரத்தில் உண்டாகும் அராகிடோனிக் அமிலம் அங்கே மேலோங்கியிருக்குமானால், அதிலிருந்து பிறக்கும் புராஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் பொருள், நோய் எதிர்ப்பு அணுக்களை ஒவ்வாமையின் பக்கம் சாய்க்கக்கூடும் என்றும், மீனெண்ணெயின் அமிலங்கள் அந்த இடத்தைப் பற்றிக்கொள்ளுமானால் அச்சாய்வு தணியலாம் என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எதிர்ப்புச் சக்தியின் போக்கு உருவாகத் தொடங்குவது கர்ப்பத்திலேயாதலால், தாயின் ஆகாரத்திலிருந்தே பரிசோதனையைத் தொடங்கினார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஒவ்வாமையுடைய 98 கர்ப்பிணிகளுள் ஒரு சாராருக்குக் கர்ப்பத்தின் 20-ஆம் வாரம் முதல் தினந்தோறும் 4 கிராம் மீனெண்ணெயும், மறு சாராருக்கு ஆலிவ் எண்ணெயும் கொடுத்து, 2003-இல் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தைக் கவர்ந்தது. மீனெண்ணெய் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஒரு வயதில் தோலில் குத்திப் பார்த்தபோது, முட்டைக்கு எதிர்வினை காட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. ஆயினும் நூறு பேருக்கும் குறைந்த ஆராய்ச்சியைக் கொண்டு உலகத்துத் தாய்மாருக்கு விதி வகுக்கலாகாது. பின்னர் அடிலெய்டு நகரத்து ஆராய்ச்சியாளர்கள், குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள 706 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2012-இல் தந்த விடை நிதானமானது. முட்டைக்கு எதிர்வினை காட்டியவர் மறு சாராரில் நூற்றுக்கு 15 பேர்; மீனெண்ணெய்ச் சாராரில் 9 பேர். ஆனால் ஒவ்வாமை நோய்கள் அனைத்தையும் ஒருங்கே எண்ணியபோது, நம்பத்தக்க வேற்றுமை ஏற்படவில்லை. அக்குழந்தைகள் மூன்று வயதடைந்தபோதும் நிலைமை அதுவே. பிறந்த குழந்தைக்கே நேராக ஆறு மாதம் எண்ணெய் புகட்டிய மற்றொரு பெர்த் ஆராய்ச்சியிலும், ஒரு வயதில் ஒவ்வாமை குறைந்ததாகக் காணவில்லை.

இங்கே வாசகர் ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்துவது அவசியம். தோல் பரிசோதனையில் தடிப்புக் கண்ட குழந்தைகள் அனைவரும் முட்டை உண்டவுடன் நோயுறுபவர்கள் அல்லர். பரிசோதனை காட்டுவது சாத்தியத்தை, நோயை அன்று. மீனெண்ணெய் குறைத்ததாக ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தச் சாத்தியத்தை மாத்திரமே, அதுவும் பிரதானமாக முட்டையின் விஷயத்தில். இதனை அற்பமென்று நான் தள்ளமாட்டேன். ஆனால் ஒவ்வாமையை ஒழிக்கும் திவ்வியௌஷதம் போல இதை விளம்பரம் செய்து, அஞ்சியிருக்கும் தாய்மாரிடம் பணம் பறிப்பது பெரும் அநீதி என்பதை அழுத்தமாகவே சொல்வேன்.

இதைவிட வலிய சான்றுடைய மார்க்கம் வேறொன்று உண்டு. லண்டனில் கிடியன் லாக் என்னும் மருத்துவரின் தலைமையில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், வேர்க்கடலையை அறவே விலக்கிய குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேருக்கு ஐந்து வயதில் அதன் ஒவ்வாமை கண்டிருக்க, சிறுவயது முதல் அதை உண்டவர்களில் 3 பேருக்கே கண்டது. விலக்கி வைப்பதே காப்பு என்று நெடுங்காலம் போதித்துவந்த மருத்துவ உலகம் அதன்பின் தன் உபதேசத்தை மாற்றிக்கொண்டது.

கருவுற்ற பெண்கள், மீன் உண்ணும் வழக்கமுடையவர்களாயின், மத்தி போன்ற கொழுப்புள்ள சிறு மீன்களை அளவாக உண்ணலாம். மரக்கறி உண்பவர்களுக்கு நுண்பாசியிலிருந்தே எடுக்கப்பட்ட எண்ணெய் கிடைக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பழக்கமான காட் லிவர் ஆயில் வேறு, மீனின் உடலெண்ணெய் வேறு. மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் முன்னதில் வைட்டமின் ஏ மிகுதியாதலால், கர்ப்பகாலத்தில் அது சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும். மாத்திரை எதுவாயினும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளுங்கள். முன்பே ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு மீனெண்ணெயைத் துணையாக நம்பி, விலக்கிய உணவை வீட்டில் ஒருபோதும் கொடுத்துப் பார்க்காதீர்கள்.