“உங்களுக்கு எந்த ஊர்?” – ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழர்களின் வேர் தேடும் வேலை

பெங்களூரில் இரண்டு தமிழர்கள் புதிதாகச் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி, “உங்களுக்கு எந்த ஊர்?” என்பதுதான். நேற்று ரயில் ஏறி வந்தவர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளில் நான்கைந்து தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பிள்ளைகளோ திகைத்து நிற்கிறார்கள். “ஆற்காடு பக்கம் என்று தாத்தா சொல்வார்” என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. எந்தக் கிராமம், எந்த ஆண்டு வந்தார்கள், எந்த வேலைக்கு வந்தார்கள் என்று மேலும் கேட்டால் மௌனம்தான்.

பதில் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். பழைய ஓட்டு வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்போது, பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியின் காகிதங்கள் எடைக்குப் போகின்றன. அந்தக் காகிதங்களோடு ஒரு குடும்பத்தின் நூறு வருடக் கதையும் போய்விடுகிறது.

பெயர் தந்த கலெக்டர்

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பெயர் தந்தவர் எப்.ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. கன்டோன்மென்ட் பகுதியின் கலெக்டராக இருந்தவர். சரித்திரத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். 1909-ல் பெங்களூரில் ‘மிதிக் சொசைட்டி’ என்ற சரித்திர ஆராய்ச்சிக் கழகம் தோன்றக் காரணமானவர்களில் முதன்மையானவர். நிருபதுங்கா ரோட்டில் டேலி நினைவு மண்டபத்தில் அந்தக் கழகம் இன்றும் இயங்குகிறது.

அன்றைய சென்னை மாகாணத்தின் சேலம் ஜில்லாவுக்கு விரிவான விவர நூல் எழுதியவரும் இவரே. அது 1918-ல் வெளிவந்தது. கடல் கடந்து வந்த ஒருவர் சேலம் ஜில்லாவின் ஊர்களையும் கோயில்களையும் மலைகளையும் தேடித் தேடி எழுதி வைத்தார். அவர் பெயரிலுள்ள பேட்டையில் குடியிருக்கும் தமிழர்கள் தங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

தண்டு வந்தது, தமிழர் வந்தனர்

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கு முகாமிட்டிருந்த கும்பெனிப் படை, காய்ச்சலுக்குப் பயந்து 1809-ல் பெங்களூருக்கு மாறியது. அல்சூரை ஒட்டி உருவான அந்தப் படை முகாமைத்தான் மக்கள் ‘தண்டு’ என்றார்கள். சிவாஜி நகரிலுள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அந்தச் சொல் இன்னும் வாழ்கிறது.

படை சென்னை ராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே சிப்பாய்கள், சாப்பர்கள், சமையற்காரர், வண்ணார், தையற்காரர், கொத்தனார், தானிய வியாபாரி, குத்தகைக்காரர் என்று தமிழ் ஜில்லாக்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். ஆற்காட்டு நாராயணசாமி முதலியார் அப்படி வளர்ந்த குத்தகைக்காரர்களில் ஒருவர். 1860-களில் கட்டப்பட்ட ‘அட்டாரா கச்சேரி’ அவர் குத்தகையில் எழும்பியது. 1873-ல் அவர் தொடங்கிய கல்விப் பணி இன்றும் நடக்கிறது.

1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்டுக்கு ரயில் வந்ததும் வரவு பெருகியது. 1881-ல் மைசூர் ராஜ்யம் மகாராஜாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி மட்டும் வெள்ளையர் நிர்வாகத்திலேயே நின்றது. 1947 வரை அதே நிலை. 1949-ல்தான் நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சி ஆயின.

1898-ல் பிளேக் நோய் பெங்களூரை ஆட்டிப் படைத்தது. நெரிசலான சந்துகளில் சாவு மலிந்தது. அதன் பிறகுதான் காற்றோட்டமான அகன்ற தெருக்களுடன் புதிய பேட்டைகள் எழுந்தன. பிரேசர் டவுனும் ரிச்சர்ட்ஸ் டவுனும் அந்த வரிசையில் வந்தவை. எனவே இங்குள்ள பல குடும்பங்களுக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் இரண்டாவது அல்லது மூன்றாவது முகவரி. முந்திய முகவரியைப் பிளாக்பள்ளி என்ற பழைய சிவாஜி நகரிலும் அல்சூரிலும் தேட வேண்டும்.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

தேடலை வீட்டிலேயே தொடங்கலாம். பழைய கலியாணப் பத்திரிகையில் இரு வீட்டார் ஊரும் பாட்டன் பெயரும் இருக்கும். தாத்தாவின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துக்கள் இருந்தால், முதல் எழுத்து பெரும்பாலும் ஊரைக் குறிக்கும். இரண்டாவது தந்தையைக் குறிக்கும்.

பட்டாளத்தில் இருந்தவரானால் டிஸ்சார்ஜ் சான்றிதழில் கிராமம், தாலுகா, ஜில்லா மூன்றும் உண்டு. அரசு உத்தியோகஸ்தர் விடுமுறைப் பயணச் சலுகைக்காகத் தமது சொந்த ஊரை எழுதிக் கொடுத்திருப்பார். அது அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். வீட்டுப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்ற வாசகமும், செக்குபந்தி எனப்படும் நான்கு எல்லை விவரமும் இருக்கும். எல்லையில் வரும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட ஒரு துப்புதான். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் குடியேறுவது அந்நாள் வழக்கம்.

காகிதமே இல்லாத குடும்பத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. அது குலதெய்வம். சொந்த ஊரில் நிலம் போயிருக்கலாம், வீடு போயிருக்கலாம். குலதெய்வக் கோயிலை எளிதில் விடமாட்டார்கள். முதல் மொட்டையும் காதுகுத்தும் எங்கே நடந்தன என்று பாட்டியைக் கேட்டால், ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் அங்குள்ள பூசாரியும் பங்காளிகளும் மற்றதைச் சொல்வார்கள்.

ஜில்லா மாறினால் குழப்பம்

பழைய காகிதத்தில் ‘சேலம் ஜில்லா, திருப்பத்தூர் தாலுகா’ என்று இருந்தால் தவறு என்று தள்ளிவிடக் கூடாது. 1911 வரை திருப்பத்தூர், சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. பிறகு வட ஆற்காட்டுக்குப் போனது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது தானே ஒரு மாவட்டத் தலைநகராயிற்று. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்படியே. சேலத்தில் இருந்து, 1965-ல் தர்மபுரி மாவட்டத்துக்கு வந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டமாக உள்ளன. காகிதத்தின் ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டில் அந்தத் தாலுகா எந்த ஜில்லாவில் இருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே ஊரைத் தேட வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மாதா கோயில் ஏடுகள் பெரிய உதவி. ஞானஸ்நான ஏட்டில் தாய் தந்தையோடு ஞானத் தாய் தந்தையரின் பெயரும் இருக்கும். கலியாண ஏட்டில் மணமக்களின் தந்தையர் பெயர் கிடைக்கும். கல்பள்ளி, ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டங்களில் பல கற்களில் தமிழ் எழுத்து இன்னும் படிக்கும்படி இருக்கிறது. மழையும் வெயிலும் அதை ஆண்டுதோறும் தேய்த்து வருகின்றன.

அயர்லாந்து சொல்லும் பாடம்

வேர் தேடும் வேலையில் அயர்லாந்து மக்கள் பெயர் பெற்றவர்கள். 1922-ல் உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் நகரின் ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகை ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆனாலும் அங்குள்ள சிறிய ஊர்களில் மாதா கோயில் ஏடு, கல்லறைக் கல், நிலவரிப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டே குடும்ப வரலாற்றைக் கட்டி எழுப்புகிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து பேரப்பிள்ளைகள் அந்த ஊர்களைத் தேடி வருகிறார்கள்.

தமிழரிலும் இப்படித் தேடுவோர் உண்டு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியலில் தந்தை பெயரும், கிராமமும், ஜில்லாவும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வேலூர்ப் பக்கம் வந்து உறவு தேடுகிறார்கள். கடல் கடந்தவர்களின் பெயரைக் கப்பல் பட்டியல் காப்பாற்றியது. ஜோலார்பேட்டையில் வண்டி மாறி வந்தவருக்குப் பட்டியல் போட்டவர் யாருமில்லை. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கிலும் தனி மனிதர் விவரம் சட்டப்படி ரகசியம். ஆகவே இந்த வேலையைக் குடும்பத்தார்தான் செய்தாக வேண்டும்.

கல்வெட்டிலும் தமிழ்

தண்டு வருவதற்கு முன்பே இந்த மண்ணில் தமிழ் எழுதப்பட்டிருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலிலும், மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் பழைய தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். பெங்களூரிலேயே பிறந்த பி.எல். ரைஸ் என்ற ஆங்கிலேயர் பெங்களூர் ஜில்லாக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-ல் வெளியிட்டார். கன்னடமும் தமிழும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரு மொழி மக்களும் பல நூறு ஆண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் இது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இப்போதே செய்ய வேண்டியது

இன்றுள்ள பெரிய ஆபத்து கரையானும் மழையும் மட்டுமல்ல. இங்குள்ள பிள்ளைகள் பலர் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. பிழைக்க வந்த ஊரின் மொழியைப் படிப்பது நல்லதே. ஆனால் கொள்ளுப் பாட்டனின் கடிதம் கையில் கிடைத்தாலும் பேரன் அதைப் படிக்க முடியாது என்றால், அது இருந்தும் இல்லாததற்குச் சமம். தமிழ் படிக்கத் தெரிந்த தலைமுறை இருக்கும்போதே வேலை நடக்க வேண்டும்.

செலவு அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா பாட்டி பெயர், இரு பக்கத்து ஊர், குலதெய்வம், முதலில் வந்தவர் பெயர், பார்த்த வேலை, குடியிருந்த தெருக்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் கீழே குறிக்க வேண்டும். பழைய போட்டோக்களின் பின்புறம் பென்சிலால் பெயர் எழுதி வைக்கலாம். அதை எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு பிள்ளைக்காவது தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டால், அடுத்த முறை யாராவது “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை கிராமத்தின் பெயரையும் சொல்லும், ரிச்சர்ட்ஸ் டவுன் தெருவின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்.